புதுப் பூனை வீட்டுக்கு வந்தால்: முதல் சில வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் செய்தது இதுதான். கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தேன். வீட்டில் இருந்தவர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வட்டமாகச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பூனை ஒரு கணம் எங்களைப் பார்த்தது. அடுத்த கணம் அலமாரிக்குப் பின்னால் இருந்த நான்கு விரற்கடை இடைவெளிக்குள் போய்விட்டது. ஐயோ, பயந்துவிட்டதே என்று கையை உள்ளே விட்டு இழுத்து எடுத்தேன். முழங்கை வரை கீறல். கீறல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்தப் பூனை என் கையைக் கண்டு ஒதுங்காமல் இருக்க மூன்று மாதம் ஆனது.

அதற்குப் பிறகு வேறு சில பூனைகளும் வந்துவிட்டன. எல்லாம் ஒரே பாடத்தைத்தான் நடத்தின: ஆரம்ப நாட்களில் பூனைக்காக நாம் செய்ய வேண்டிய வேலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. கேட்க எளிது. ஆசையாகத் தத்தெடுத்த பூனை கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்ணாக மட்டும் தெரியும்போது சும்மா இருப்பது கஷ்டம். கீழே இருப்பவற்றை வரிசைப்படி சொல்லியிருக்கிறேன். பூனை வருவதற்கு முன்பே ஒரு தடவை படித்துவிடுங்கள்.

1. ஓர் அறையைத் தயார் செய்யுங்கள்

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிட வேண்டாம். கதவு சாத்தக்கூடிய, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறை போதும். பூனைக்கு இடம்தான் எல்லாம். ஒவ்வொரு மூலையையும் மோந்து பார்த்து, கன்னத்தை உரசி, கன்னத்திலும் நெற்றியிலும் இருக்கும் சுரப்பிகளின் வாசனையைப் பூசிய பிறகுதான் அந்த இடம் அதற்குச் சொந்தமாகும். சின்ன அறை என்றால் ஓரிரு நாளில் அந்த வேலையை முடித்துவிடும். நான்கு அறையையும் கூடத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தால், எங்கே ஒளிவது என்பதைத் தவிர வேறு நினைப்பே அதற்கு இருக்காது.

அறையில் இருக்க வேண்டியவை:

- ஒளிந்துகொள்ள ஓர் இடம். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டினால் போதும். ஒரே வாசல் என்றால் மாட்டிக்கொண்டோம் என்று பூனை நினைக்கும்.
- ஏறி உட்கார உயரமான ஓர் இடம்: ஸ்டூல், அலமாரித் தட்டு, ஜன்னல் திண்டு.
- லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்க, லிட்டர் என்ற மணல் போன்ற பொருளை நிரப்பி வைக்கும் பெட்டி. அதற்கு எதிர் மூலையில் சாப்பாட்டுக் கிண்ணம். தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் விட்டுத் தள்ளி.
- நகம் கீற ஒரு தூண் அல்லது பலகை.
- தூக்கி வந்த கேரியர் பெட்டி, கதவு திறந்தபடி, உள்ளே ஒரு துணியோடு.

பிறகு நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு ஒரு முறை அறையைப் பாருங்கள். பூனையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் பீரோவுக்கு அடியில், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகள் தெரியும். தலை நுழையும் சந்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். நீங்கள் கை விட்டு எடுக்க முடியாத இடங்களை எல்லாம் முன்னதாக அடைத்துவிடுங்கள். தொங்கும் வயர், திரைச்சீலைக் கயிறு, சிந்திக் கிடக்கும் ரப்பர் பேண்ட், நூல் எல்லாவற்றையும் அகற்றுங்கள். நூலைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான கம்பி வலை வேண்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்பது பாதி உண்மை. காற்றில் உடம்பைத் திருப்பிக்கொள்ளத் தெரியும், சரி. ஆனால் மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வரும் பூனைகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சாதாரணக் கொசுவலை நகத்துக்குத் தாங்காது.

2. அழைத்து வரும் நாள்

இதுவரை பூனையை வைத்திருந்தவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன சாப்பிட்டது, எந்த மாதிரி லிட்டர் பயன்படுத்தியது, எந்தத் தடுப்பூசி என்றைக்குப் போட்டார்கள். அப்புறம் அது படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துவிடாதீர்கள். அந்த வாசனைக்காகத்தான் வாங்குகிறோம்.

வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு சாதுவான பூனையும் ஒரு ஹாரன் சத்தத்தில் பிரேக்குக்கு அடியில் போய்விடும். கெட்டியான கேரியர் பெட்டியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, ஆடாத இடத்தில் வையுங்கள். மேல்பக்கமும் திறக்கக்கூடிய பெட்டி கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. பின்னால் மருத்துவரிடம் போகும்போது அதன் அருமை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த அறை. கதவைச் சாத்துங்கள், பெட்டியைத் தரையில் வையுங்கள், பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அவ்வளவுதான். பூனை ஐந்து நிமிடத்தில் வெளியே வரலாம், நள்ளிரவுக்குப் பிறகு வரலாம். எப்போது வருவது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

3. முதல் மூன்று நாள்

பூனைக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் வரும். சட்டமெல்லாம் இல்லை, குத்துமதிப்புதான். மனிதர்களோடு வளர்ந்த குட்டி முதல் நாளே மடியில் ஏறிவிடும். இரண்டிலிருந்து ஏழு வாரம் வரையிலான வயதில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனைக்கு மூன்று மாதம்கூடப் போதாமல் போகலாம்.

இந்த நாட்களில் உங்கள் வேலை: ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அறைக்குள் போங்கள். தரையில் உட்காருங்கள், பூனைக்குப் பக்கவாட்டாக. புத்தகம் இருந்தால் மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். என்ன படிக்கிறீர்கள் என்பது முக்கியமல்ல, உங்கள் குரல் பழகினால் சரி. உற்றுப் பார்க்காதீர்கள். விறைத்த பார்வை பூனைகளுக்குள் சண்டைக்கு அழைப்பு. தற்செயலாகக் கண்ணோடு கண் பட்டால், கண்களை மெதுவாகப் பாதி மூடி, பிறகு முழுதாக மூடித் திறங்கள். இது பூனைக்காரர்களின் மூடநம்பிக்கை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரிட்டனில் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள்: மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகள் பதிலுக்குச் சிமிட்டின, அப்படிச் சிமிட்டிய அந்நியர் நீட்டும் கையை நோக்கி வருவதும் கூடியது.

பூனை நெருங்கி வந்தால் ஒரு விரலை மட்டும் அதன் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டு நிறுத்துங்கள். மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்தது என்று அர்த்தம். தாடைக்குக் கீழே, கன்னத்தில், காதுகளுக்கு நடுவில் தடவலாம். வயிறு வேண்டாம். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் உங்களிடம் அச்சமில்லை என்கிறது, தொடச் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் கடி வாங்கியவர்கள் ஏராளம், நான் உட்பட.

நிறுத்து என்பதையும் பூனை முன்கூட்டியே சொல்லிவிடும். வால் நுனி துடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், முதுகுத் தோல் அலை போல் சிலிர்க்கும், தலை உங்கள் கையை நோக்கி வெடுக்கென்று திரும்பும். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். சரி, குர்ர்ர் என்று சத்தம் போடுகிறதே, மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறது? பெரும்பாலும் ஆமாம். ஆனால் வலியிலும் பயத்திலும் இருக்கும் பூனையும் அதே சத்தம் போடும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓரிரு இரவு கத்தலாம். போய்ச் சமாதானப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பழைய துணி பக்கத்தில் இருந்தால் போதும். முதல் நாள் சரியாகச் சாப்பிடாததும் சகஜம்தான். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்ற நம் பழைய நியாயம் பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். குட்டி என்றால் 12 மணி நேரமே அதிகம்.

4. லிட்டர் பாக்ஸ்

தத்தெடுத்த பூனையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி கேட்பது, கண்ட இடத்தில் அசுத்தம் செய்கிறது என்பது. நான் பார்த்தவரை அதில் பெரும்பாலானவை பாக்ஸின் குற்றம். பூனைக்கு மண்ணைத் தோண்டி மூடும் பழக்கம் கூடவே பிறந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும்.

பாக்ஸ் பெரியதாக இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. பூனைக்கென்று விற்கும் பல பெட்டிகள் இந்த அளவுக்கு வராது. அகலமான பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி வைத்தாலே நன்றாக இருக்கும். மூடி போட்ட பெட்டி நம் கண்ணுக்கு அழகு, ஆனால் உள்ளே நாற்றம் தங்கும். அந்த நாற்றத்துக்குள் தலையை விடப்போவது பூனை, நாமல்ல.

மணல் போன்ற, வாசனை சேர்க்காத, ஈரம் பட்டால் கட்டியாகும் லிட்டரைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்பும். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் வரட்டும். மூன்று மாதத்துக்கும் சின்னக் குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். அதற்குக் கட்டியாகாத வகையைக் கொடுங்கள். பழைய இடத்தில் வேறு வகை பயன்படுத்தியிருந்தால் முதல் இரண்டு வாரம் அதையே தொடருங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம்.

எண்ணிக்கை: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு. ஒன்றாக ஒட்டி வைத்தால் பூனையின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வெவ்வேறு இடத்தில் வையுங்கள். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்ளே இருக்கும்போது அது திடீரென்று அதிர ஆரம்பித்தால், பூனை அந்தப் பெட்டியின் பக்கமே அப்புறம் போகாது.

தினம் இரண்டு முறை கட்டிகளை அள்ளிவிடுங்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை முழுவதையும் கொட்டிக் கழுவுங்கள். மணக்கும் கிருமிநாசினி எதுவும் வேண்டாம். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அதற்காகப் பூனையையே வெளியேற்றச் சொல்வது அதிகப்படி. பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டைகள் மற்றவருக்குத் தொற்றும் நிலைக்கு வரவே ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளினாலே ஆபத்தின் பெரும்பகுதி போய்விடும்.

தவறிப்போய் வெளியே இருந்துவிட்டால் திட்டாதீர்கள், மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். எதற்குத் தண்டனை என்று அதற்குப் புரியாது. உங்களைக் கண்டால் ஓட வேண்டும் என்பது மட்டும் புரியும். அந்த இடத்தை என்ஸைம் கலந்த துப்புரவு திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தவை சிறுநீர் போலவே மணப்பதால், இங்கேதான் போக வேண்டும் என்று அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும்.

5. சாப்பாடும் தண்ணீரும்

முதல் வாரம் பழைய உணவையே கொடுங்கள், நல்லதோ கெட்டதோ. பிறகு ஏழு முதல் பத்து நாட்களில், புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், லிட்டர் பாக்ஸ் கதை மறுபடி தொடங்கும்.

பூனை கட்டாய மாமிச உண்ணி. நம் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை, பூனையும் அப்படியே பழகட்டும் என்றால் நடக்காது. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடம்பு தானாகத் தயாரிக்காது. விலங்குத் திசுவிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கித் தளரும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் தெரியவந்த பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். வெறும் மீனும் வெறும் கோழியும்கூட முழு உணவு ஆகாது. பைகளில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருள்படும் குறிப்பும், குட்டிக்கா பெரிய பூனைக்கா என்பதும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். நாய் உணவைப் பூனைக்குப் போடக்கூடாது.

பால்? படக்கதைகளில்தான் பூனையும் பால் கிண்ணமும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், பிறகு வயிற்றைப் பிடுங்கும்.

குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, பெரியதற்கு இரண்டு வேளை. நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 200 முதல் 250 கிலோகலோரி போதும். உலர் உணவில் அது ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிண்ணம் காலியானதும் நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வறண்ட நிலக் காட்டுப்பூனையின் வழிவந்ததால் இதற்குத் தாகம் குறைவு. உலர் உணவில் சுமார் 10 சதவீதம்தான் நீர். ஈர உணவில் 75 சதவீதத்துக்கு மேல். ஒரு வேளையாவது ஈர உணவு கொடுப்பது சிறுநீர்ப் பாதைக்கு நல்லது. தண்ணீரை அகலமான கிண்ணத்தில், இரண்டு மூன்று இடங்களில், தினம் மாற்றி வையுங்கள்.

6. முதல் வாரத்திலேயே மருத்துவரிடம்

சூடுகண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். கேரியர் பெட்டி விஷயத்தில் இது அப்படியே உண்மை. ஊசி போடப் போகும்போது மட்டும் பெட்டி வெளியே வந்தால், அடுத்த முறை பெட்டியைப் பார்த்ததும் பூனை மாயமாகிவிடும். அதனால்தான் பெட்டியை அறையிலேயே திறந்து வைக்கச் சொன்னேன். அவ்வப்போது உள்ளே ஒரு துண்டு தின்பண்டம் போடுங்கள். அதில் தூங்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: பொதுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, பூச்சி மருந்து, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து. வீட்டில் வேறு பூனை இருந்தால், எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். குட்டிக்குத் தாய்ப்பாலிலிருந்தே உருளைப்புழு வந்துவிடும், ஆகவே பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று பூச்சி மருந்தை விட்டுவிட வேண்டாம். ஆசனவாய்ப் பக்கம் அரிசி போல் ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

தடுப்பூசியில் அடிப்படையானது மூன்று நோய்க்கானது: பன்லூகோபீனியா, ஹெர்பிஸ் வைரஸ், கேலிசி வைரஸ். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போடுவார்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி வழக்கமாக 12 வாரத்துக்குப் பிறகு. பூனை வீட்டைவிட்டு வெளியே போகாதே, இது எதற்கு என்று கேட்காதீர்கள். கதவு ஒருநாள் திறந்திருக்கும்.

கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம், கர்ப்பம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்வது வெறும் பேச்சு. முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த பெண் பூனைக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கடுவன் பூனை சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சுவதும், சண்டைக்குப் போவதும் அடங்கும். மயக்கத்தில் இருக்கும்போதே, தொலைந்தால் அடையாளம் காண உதவும், 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பையும் போடச் சொல்லிவிடலாம்.

வந்த ஒரு வாரத்தில் தும்மலும் கண்ணில் நீரும் வந்தால், புது இடத்துப் பதற்றத்தில் உள்ளே உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் தலைதூக்கியிருக்கலாம். மூக்கடைத்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவற்றுக்கு மட்டும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேல், ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி முக்கி ஒரு சொட்டுதான் வருகிறது என்றால் உடனே ஓடுங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது சிறுநீர்க்குழாய் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

7. வீட்டுக்குள் இருக்கும் விஷங்கள்

லில்லி பூ. பூனை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. இலை, பூ, ஜாடித் தண்ணீர், ஏன், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும். சந்தேகம் வந்த அந்த நிமிடமே மருத்துவரிடம் போங்கள்.

பாராசிட்டமால். நமக்குச் சாதாரண மாத்திரை; அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. ஒரே மாத்திரையில் பூனை இறக்கலாம். காய்ச்சலாக இருக்கிறதே என்று கால் மாத்திரைகூட வேண்டாம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் என்பதால், தொட்டால் நமக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்து. பல தயாரிப்புகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். வெங்காயம், பூண்டு, பச்சையாகவோ சமைத்தோ, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட், திராட்சை, வாசனை எண்ணெய்கள் எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நூல் விஷமல்ல, ஆனால் அதே பட்டியலில் வைக்கிறேன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். குடலில் ஒரு நுனி சிக்கிக்கொண்டால் குடல் அதைச் சுற்றிச் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

8. நகம், கடி, நள்ளிரவு ஓட்டம்

சோபாவைக் கீறுவது கொழுப்பெடுத்து அல்ல. நகத்தின் மேலுறை கழல வேண்டும், முதுகை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தின் வாசனையைப் பதிக்க வேண்டும். கீறுவதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். முழு உடம்பையும் நீட்டும் அளவுக்கு, குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில், சாய்ந்தாலும் ஆடாத, கயிறு சுற்றிய தூணை அந்த சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூலையில் ஒளித்து வைத்தால் சீந்தாது. நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதில் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் வெட்டப்படுகிறது. பல நாடுகளில் அது சட்டப்படி தடை.

விளையாடக் கையைக் கொடுக்காதீர்கள். குட்டியாக இருக்கும்போது அதன் கடி வேடிக்கை. ஐந்து கிலோ ஆன பிறகு அதே கடி வேடிக்கையாக இருக்காது. குச்சி முனையில் இறகு கட்டிய பொம்மையால் பத்து நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் பிடித்து அமுக்க விட்டு, உடனே சாப்பாடு போடுங்கள். வேட்டை, பிடி, தின், நக்கு, தூங்கு என்பது அதன் ஒழுங்கு. பூனை இயல்பாகவே விடியலிலும் அந்தியிலும் துள்ளும். நீங்கள் படுக்கப் போகும் முன் இந்த ஆட்டத்தை ஆடிவிட்டால் நான்கு மணிக்கு உங்கள் கால் விரலை வேட்டையாடாது. பொம்மையை விளையாடி முடித்ததும் எடுத்துப் பூட்டிவிடுங்கள். அதிலும் நூல்தான் இருக்கிறது.

கடித்து ரத்தம் வந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி போல. மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே கிருமி ஆழமாகப் போயிருக்கும்.

9. கதவைத் திறப்பது

பூனை வழக்கமாகச் சாப்பிடுகிறது, லிட்டர் பாக்ஸைப் பயன்படுத்துகிறது, நீங்கள் உள்ளே போகும்போது வாலை நட்டுக்கொண்டு வருகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் அறைக் கதவைத் திறக்கலாம். வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் திறந்துவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பழைய அறை அப்படியே இருக்கட்டும். ஏதாவது பாத்திரம் விழுந்தால் ஓடிப்போக ஓர் இடம் வேண்டுமல்லவா.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் அவசரமே கூடாது. முகத்துக்கு முகம் காட்டி, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அந்தப் பகை வருடக்கணக்கில் நிற்கும். முதலில் வாசனை: புதிய பூனையின் கன்னத்தைத் தடவிய துணியைப் பழையதின் அருகிலும், பழையதின் துணியைப் புதியதின் அருகிலும் போடுங்கள். சில நாள் கழித்து, மூடிய கதவின் இரு பக்கமும் இரண்டுக்கும் சாப்பாடு வையுங்கள், தள்ளித் தொடங்கித் தினமும் கொஞ்சம் நெருக்கி. சீறல் இல்லாமல் சாப்பிட்டால் கதவை ஒரு கை அளவு திறந்து, நடுவில் வலையோ தடுப்போ வைத்துப் பார்க்கவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒரே அறையில், ஐந்து நிமிடம், நீங்கள் கூட இருக்கும்போது. எந்தப் படியிலாவது உறுமல் வந்தால் ஒரு படி பின்னால் போங்கள். இரண்டு வாரத்திலும் முடியும், நான்கு மாதமும் இழுக்கும்.

ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு தூங்கும் படங்களைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினால் அதுவே பெரிய உடன்படிக்கை. கிண்ணமும் படுக்கையும் தனித்தனி. லிட்டர் பாக்ஸ் மூன்று; அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.